சாட்சி சொன்ன செல்லாயி

செய்தி வந்தபோது காலை மணி பதினொன்றே கால். மல்லசமுத்திரம் பக்கத்தில் ஒரு சோளக்காட்டில் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்ரசர் போடும் கூச்சலில் எதுவும் பேச முடியாது என்பதால், ரிக் வண்டி மேனேஜர் சென்னியப்பன் போனை எடுத்துக்கொண்டு வரப்போரத்து வேப்பமரம் வரைக்கும் நடந்தார். பேசியது காலனிச் சின்னாயி, செல்லாயி புதன்கிழமைதோறும் போய் உட்காரும் வீட்டுக்காரர். அம்மிணி பேசிக்கொண்டிருந்தபோதே சுவரில் சாய்ந்துவிட்டார்கள், தண்ணீர் கேட்டார்கள், கொண்டுவருவதற்குள் போய்விட்டார்கள் என்று சொல்லிவிட்டு அழுதார். சென்னியப்பனுக்கு முதலில் தோன்றியது, இனி சபைக்காரர்களிடம் போய் நிற்க வேண்டுமே என்பதுதான். மனைவி செத்தாள் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

செல்லாயி நிலபுலன் உள்ள குடும்பத்தில் பிறந்து, அதே மாதிரி ஒரு குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். சென்னியப்பன் சரித்திரத்தில் பி.ஏ. முடித்துவிட்டு, அதற்கேற்ற வேலை எதுவும் கிடைக்காமல், திருச்செங்கோட்டுப் பையன்கள் பலரையும் போல ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் பக்கம் போனவர். அவர் அங்கே இருந்தபோது அவர்களுடைய ஒரே குழந்தை, பெண் குழந்தை, காய்ச்சலில் இறந்தது. அப்போது பங்காளிகளுக்குள் நிலத்தகராறு. வழக்கில் கிடக்கிற காட்டில் குழி தோண்டக்கூடாது என்று ஆளுக்கு ஒரு சட்டம் பேசினார்கள். செத்த குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருப்பது அந்தச் சட்ட நிபுணர்கள் யார் கண்ணிலும் படவில்லை. சங்ககிரி ரோட்டில் கீற்றுக்கொட்டகையில் ஒரு சின்னக் கிறிஸ்தவ சபை நடத்திவந்த கிழவர் ஒருவர் வந்து, "இங்க கொண்டாங்க அம்மிணி, எடம் இருக்குது" என்றார். அந்தச் சபையின் கல்லறைத் தோட்டத்தில்தான் குழந்தையைப் புதைத்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து செல்லாயி அந்தக் கொட்டகைக்குப் போனாள். பிறகு ஞானஸ்நானமும் எடுத்தாள். பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. செத்தால் என் பிள்ளை பக்கத்தில் போட்டுவிடுங்கள் என்று கணவரிடம் ஒரே ஒரு முறை சொன்னாள்.

சென்னியப்பன் எந்தச் சாமியிடமும் அதிகம் வைத்துக்கொள்ளாதவர். ஊரில் இருக்கும் ஞாயிறுகளில் அவளை மொபெட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு எதிர்ப்பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்துகொள்வார். ராத்திரிச் சோற்றுக்கு உட்காரும்போது அவள் இஸ்ரவேல் ராஜாக்களின் கதையைச் சொல்லுவாள். கல்லூரியில் பாபிலோனைப் பற்றிப் படித்திருந்த இவர், அங்கங்கே வருடக் கணக்கு சேர்ப்பார். அவளுக்கு வருடம் முக்கியமில்லை. அந்த ஊர் எப்படிக் கெட்டது என்பதுதான் அவளுக்கு வேண்டும். எதிரி மதிலை உடைக்கும் முன்பே உள்ளே இருந்தவர்கள் எல்லாவற்றையும் விற்றுத் தின்று முடித்திருந்தார்கள் என்பாள். ஏழையை ஒரு ஜோடிச் செருப்பு விலைக்கு விற்றுவிட்டு, நேராகக் கோயிலுக்குப் போய் நல்ல குரலில் பாடினார்கள் என்பாள்.

கிழவர் இறந்தார். புதுப் பாஸ்டர் வந்தார். ரிக் தொழிலில் பணம் புரண்ட காலம் அது. கீற்றுக்கொட்டகை கான்கிரீட் ஆனது. கான்கிரீட்டுக்கு ஏசி வந்தது. செயலாளர் குமரகுரு, சொந்தமாக ரிக் வண்டிகள் ஓட்டியவர், புண்ணிய பூமிச் சுற்றுலா போய்விட்டு வந்து சபைக்கு இஸ்ரவேல் பைத்தியத்தைப் பிடிக்கவைத்தார். வரும்போது ஓர் ஆட்டுக்கொம்பு வாங்கி வந்திருந்தார். ஆராதனை தொடங்கும்போது அவருடைய மருமகன் அதை ஊதுவார். பிரேக் பிடிக்காத லாரி வளைவில் திரும்பும்போது வருமே ஒரு சத்தம், ஏறக்குறைய அது. மேடைக்குப் பின்னால் எருசலேமின் பெரிய படம். பிரசங்கத்தில் மூச்சுக்கு மூச்சு, நாமே இஸ்ரவேல், நாமே கடவுள் தேர்ந்தெடுத்தவர்கள். எந்த இஸ்ரவேல் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. சாலொமோன் பொன் தகட்டில் கோயில் கட்டிய இடத்தோடு இவர்கள் வேதத்தை மூடி வைத்துவிட்டார்கள். அந்தக் கோயில் பிறகு என்ன ஆனது என்று திறந்து பார்த்தால் ஏசி காற்றிலும் வியர்த்திருக்கும்.

வருடப் பிறப்பு ஆராதனையில் ஆளுக்கு ஒரு வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுக்க வேண்டும். ஒரு வருடம் குமரகுரு கைக்கு வந்த அட்டையில், உங்களுக்குத் தீமையை அல்ல நன்மையையே நினைத்திருக்கிறேன் என்று கடவுள் சொல்லும் வாக்கு. அவருக்குத் தலைகால் புரியவில்லை. அதைப் பெரிய ஸ்டிக்கராக அடித்து எல்லா ரிக் வண்டிகளின் கண்ணாடியிலும் ஒட்டினார். ஒட்டி முடித்ததும் புதுக் கம்ப்ரசருக்கு ஆர்டர் கொடுத்தார். செல்லாயி அதைப் பார்த்து மொபெட்டின் பின்சீட்டில் உட்கார்ந்தபடி சிரித்தாள். அந்த வாக்கு எழுதப்பட்டது ஊரை இழந்து, கோயிலை இழந்து, பாபிலோனில் சிறைப்பட்டுக் கிடந்தவர்களுக்கு. எழுபது வருடம் அங்கேயே கிடந்த பிறகுதான் திரும்ப அழைத்துவருவேன் என்ற வரிக்கு அடுத்த வரி அது.

"கைதிக்குப் போட்ட கடுதாசிய எடுத்துக் கண்ணாடியில ஒட்டியிருக்கறாங்க பாருங்க" என்றாள். "எழுவது வருசத்த மட்டும் கத்தரிச்சுட்டாங்க."

பிறகு அந்த வறட்சி வந்தது. சபை வளாகத்தில் இவர்கள் போட்ட போர்க்குழிகள் ஒவ்வொன்றாகத் தண்ணீர் வராமல் புழுதிப் புகை கக்கின. கிழவர் காலத்துத் திறந்த கிணற்றில் மட்டும் அடியில் கொஞ்சம் தண்ணீர் நின்றது. பின்னால் இருந்த காலனிப் பெண்கள் குடத்தோடு மெயின் ரோட்டு டேங்கருக்கு நடந்துகொண்டிருந்தார்கள். பாஸ்டர் மூன்று நாள் உபவாச ஜெபம் வைத்தார். கடைசி நாள் மேடையில் முழங்காலிட்டு, மழையைக் கொடும் ஆண்டவரே, இந்தக் கிணற்றை ஏழைகளுக்குத் திறந்துவிடுகிறோம், இனி ஒருபோதும் மூடமாட்டோம் என்று எல்லார் முன்பாகவும் பொருத்தனை செய்தார். சபையே ஆமென் சொன்னது. குமரகுருவின் ஆமென்தான் எல்லாவற்றிலும் உரக்கக் கேட்டது. பின்கேட்டைத் திறந்தார்கள். காலனிப் பெண்கள் வந்து மொண்டார்கள்.

ஐப்பசியில் மழை கொட்டியது. போர்களில் தண்ணீர் ஏறியது. கார் நிறுத்துவதற்குப் போட்டிருந்த புதுக் கற்களில் சேற்றுக்கால் படுகிறது என்று கமிட்டியில் ஒரு பேச்சு வந்தது. கார்த்திகை பிறக்கும் முன்பே பின்கேட்டில் சங்கிலியும் பூட்டும் ஏறிவிட்டன. பொருத்தனை என்ன ஆனது என்று கமிட்டியில் ஒருவரும் கேட்கவில்லை. மழைதான் வந்துவிட்டதே.

அந்தச் சபையில் ஞாயிறுதோறும் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. யார் வேண்டுமானாலும் எழுந்து கடவுள் தமக்குச் செய்த நன்மையைச் சொல்லலாம். மகனுக்கு விசா கிடைத்தது, மருமகளுக்கு வேலை கிடைத்தது, ஆந்திராவில் சிக்கிய வண்டி திரும்பி வந்தது என்று சொல்லுவார்கள். கடவுள் ஓர் ஆர்டிஓ ஆபீஸ் நடத்துகிறார் என்று தோன்றும். அன்றைக்குச் செல்லாயி எழுந்தாள். மைக்கை வாங்கிக்கொண்டு, எப்போதும் பேசுகிற குரலிலேயே சொன்னாள்.

"எருசலேமச் சுத்திப் பாபிலோன்காரன் படை நின்னப்போ, ராசாவும் பெரிய மனுசங்களும் சாமி முன்னால சத்தியம் பண்ணி, அடிமைங்கள உட்டுட்டாங்க. படை கொஞ்சம் அந்தப்பக்கம் நவுந்துச்சு. ஒடனே போயி அத்தன பேரையும் திரும்பப் புடிச்சுட்டு வந்துட்டாங்க. அதுக்கப்பறந்தானுங்க ஊரு எரிஞ்சுது. நம்ம பின்கேட்டுல பூட்டுத் தொங்குதுங்க. என்ற சாட்சி அவ்வளவுதானுங்க."

உட்கார்ந்துவிட்டாள். பாட்டுக் குழு அவசரமாக ஒரு துதிப்பாட்டை எடுத்தது. எடுத்த ஸ்தாயி தப்பு. பாதியில் நின்று மறுபடி ஆரம்பித்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததில் புதிதாக ஒன்றும் இல்லை. உண்மை சொன்ன தீர்க்கதரிசியை எருசலேம் பெரிய மனிதர்கள் பாழுங்கிணற்றுச் சேற்றில் இறக்கிவிட்டார்கள்; அதையே இவர்கள் ஆவிக்குரிய வார்த்தைகளில் செய்தார்கள். செல்லாயி சபையைச் சபித்துவிட்டாள், அவளிடம் கலகத்தின் ஆவி இருக்கிறது என்று தீர்மானம் போட்டுப் பெயரை நீக்கினார்கள். திருவிருந்துத் தட்டு அவளைத் தாண்டிப் பக்கத்து ஆளுக்குப் போனது. வளாகத்துக்குள் வரக்கூடாது என்றார்கள். குழந்தையின் கல்லறையை அதன்பிறகு அவள் மதிலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். அழவில்லை. சென்னியப்பன்தான் டீக்கடையில் இரண்டு கிளாஸை உடைத்தார்.

புதன்கிழமைகளில் அவள் காலனிக்குப் போய்ச் சின்னாயி வீட்டு வாசலில் உட்கார ஆரம்பித்தாள். சுற்றி உட்கார்ந்தவர்களில் பாதிப்பேர் நெற்றியில் குங்குமத்தோடு வந்தவர்கள். யாரையும் மதம் மாற்றும் எண்ணம் அவளுக்கு இல்லை. ஊரை இழந்து போனவர்களின் கதையைத்தான் சொன்னாள். கோயில் எரிந்தபோது கடவுளும் அதற்குள்ளேயே எரிந்துவிட்டார் என்று நினைத்து நடந்தார்கள். அன்னிய ஊரில் ஒரு வாய்க்காலோரம் உட்கார்ந்து அழுதபோதுதான், அவர் தங்களோடேயே நடந்து வந்திருக்கிறார் என்பது தெரிந்தது என்றாள்.

"அப்ப அவரையும் வெளியதான் நிறுத்தி வெச்சிருந்தாங்களாக்கும்" என்றார் சின்னாயி. செல்லாயி வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இத்தனை வருடம் பிரசங்கம் கேட்டதில் இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லவில்லை என்றாள்.

அந்த வாசலில்தான் அவள் உயிர் போனது.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்த கையோடு பங்காளிகள் வந்தார்கள். நெற்றியில் திருநீறு பூசு, நம் சுடுகாட்டிலேயே எரித்துவிடலாம், பழையதை மறந்துவிடலாம் என்று பெருந்தன்மையாகச் சொன்னார்கள். குழந்தைக்கு இடம் கொடுக்காத அதே வாய்கள். சென்னியப்பன் மொபெட்டை எடுத்துக்கொண்டு சபைக்குப் போனார். அவருக்கு வேண்டியது ஒன்றுதான். ஆறடி மண், அந்தச் சின்னக் கல்லறைக்குப் பக்கத்தில்.

பாஸ்டர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இடம் கொடுப்பதில் ஒரு தடையும் இல்லை பிரதர் என்றார். அடக்க ஆராதனையில் ஒரே ஒரு வாக்கியம் மட்டும் சேர்க்க வேண்டியிருக்கும். போன மாதம் சகோதரி என்னிடம் வந்து, பேசியது தவறு என்று கண்ணீரோடு ஒப்புக்கொண்டார் என்று நான் சொல்லுவேன். நீங்கள் பக்கத்தில் நின்று ஆமாம் என்று தலையசைத்தால் போதும். அப்படியானால் சபையாருக்கும் மனத்தாங்கல் இருக்காது என்றார்.

சென்னியப்பன் கல்லறைத் தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றார். திறந்துவிட்டார்கள். குழந்தையின் கல்லறைக்குப் பக்கத்தில் இடம் காலியாகத்தான் இருந்தது. கொஞ்சம் தும்பை முளைத்திருந்தது. அவர் இந்தச் சாமியைக் கும்பிடுகிற ஆள் இல்லை. ஒரு பொய்யால் அவருக்குப் போவது ஒன்றும் இல்லை. தலையசைக்கலாம் என்று முடிவு செய்துதான் திரும்பினார். பாஸ்டர் அறை வாசலில் குமரகுரு நின்றிருந்தார்.

"ஒரு வார்த்தைதானுங்கண்ணா" என்றார் குமரகுரு, ஆறுதலாக. "அவங்க காதுல உழுவவா போவுது?"

சென்னியப்பன் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ற காதுல உழுவுமல்லங்க" என்றார். "அவ ஊர்ல சொன்ன சாட்சி ஒண்ணே ஒண்ணு. அதையும் செத்தப்பறம் நான் மாத்திச் சொல்லோணுமாக்கும்?"

பாஸ்டர், கோபத்தில் முடிவெடுக்க வேண்டாம், ஜெபித்துவிட்டுப் பேசலாம் என்றார். எருசலேம் முற்றுகையில் கிடந்தபோதும், எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிச் சம்பளம் வாங்கிய தீர்க்கதரிசிகள் நிறையப் பேர் இருந்தார்கள் என்று செல்லாயி சொன்னது சென்னியப்பனுக்கு நினைவு வந்தது. கேட்டைத் தாண்டி வெளியே வந்தார்.

காலனிக்காரர்களுக்கு ஏரிக்கரையை ஒட்டி ஒரு புறம்போக்கு மயானம். அங்கே குழி வெட்டலாமா என்று அவர் சின்னாயியிடம்தான் கேட்டார். இந்தக் குடும்பத்து ஆள் ஒருவர் அந்த மயானத்தில் இடம் கேட்டது அதுவே முதல் தடவை. பங்காளிகள் பின்வாங்கிப் போய்விட்டார்கள். சின்னாயி யோசித்தது இடத்தைப் பற்றி அல்ல.

"பாப்பாகிட்ட போடச் சொன்னாங்கல்லங்க, சாமி?" என்றார்.

"ஆமாங்க" என்றார் சென்னியப்பன்.

குழி வெட்டியவர்கள் கூலி பேசவில்லை. கயிறு போட்டு இறக்கும்போது, கயிறு வழுக்காமல் இருக்கச் சின்னாயி தன் பழைய சேலையைக் கிழித்துச் சுற்றினார். கிணற்றுச் சேற்றில் இறக்கிவிடப்பட்ட தீர்க்கதரிசியைத் தூக்க வந்த வேற்று நாட்டு வேலைக்காரன், அவர் அக்குளில் கயிறு அறுக்காமலிருக்கக் கந்தல் துணி கொடுத்தான் என்று அம்மிணி சொல்லியிருக்கிறார்களே என்றார். அதைக் கேட்டு நின்றவர்களில் சபைக்காரர் ஒருவர்கூட இல்லை. பாட்டு இல்லை, கொம்பு இல்லை. அம்மிணி நல்லவங்க சாமி, பார்த்துக்கொள் என்று ஒரு பெண் வானத்தைப் பார்த்துச் சொன்னதுதான் ஜெபம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் பாபிலோனைப் பற்றிப் பிரசங்கித்தாராம். பாபிலோன் என்பது இன்றைய உலகம், நாம் அதற்கு வெளியே இருக்கிறோம் என்றாராம். டீக்கடைக்காரர் சொன்னார். சபை நன்றாக நடக்கிறது. பூட்டும் நன்றாக இருக்கிறது, துருப்பிடிக்காத வகை. எருசலேமும் கடைசி வாரம் வரைக்கும் அப்படித்தான் நடந்தது, பலி ஒரு நாளும் நிற்கவில்லை. தன் குழந்தை அந்த மதிலுக்குள்ளும் மனைவி இங்கேயும் கிடப்பதைச் சென்னியப்பன் யாரிடமும் பேசுவதில்லை.

ஏரிக்கரையில் நாய்த் தொல்லை அதிகம். புது மண்ணைப் பறித்துவிடும். அதனால் குழிமேட்டைச் சுற்றி வேலமுள் வெட்டி வைப்பது வழக்கம். சென்னியப்பன் தன் கையாலேயே வெட்டி, மூன்று பக்கம் வைத்துவிட்டார். குழந்தை கிடக்கும் திசையான கால்மாட்டுப் பக்கம் மட்டும் இன்னும் வைக்கவில்லை.