தோளில் நின்றுபோன முடி

லட்சுமிப்ரியாவின் முடியைப் பற்றிக் கருத்துச் சொல்லாத ஆள் சங்கரன்கோவிலில் யாரும் பாக்கி இல்லை. பால்காரர் சொன்னார். ஜெராக்ஸ் கடைப் பெண் சொன்னாள். சிவகிரியிலிருந்து மகளுக்குக் கல்யாணப் பட்டு எடுக்க எங்கள் கடைக்கு வந்த ஒரு பெரியம்மா, புடவையை விட்டுவிட்டு, உள்ளிருந்து கட்டுத் தூக்கிக்கொண்டு வந்த இவளை நிறுத்தி, சின்ன வெங்காயம் அரைத்துத் தேய்க்கச் சொன்னாள். சொன்னவளின் சொந்தத் தலையில் இருந்தது ஒரு எலுமிச்சம்பழ அளவுக் கொண்டை. அந்தக் கொண்டையைப் பிடித்து வாசல்வரை கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வரலாமா என்று எனக்கு இருந்தது. வாடிக்கையாளர் என்பதால் பேசாமல் புடவையைப் பிரித்தேன். சாமி ஒருவர்தான் அவள் முடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்கவும் இல்லை. ஆனால் எல்லாம் அவர் பெயரைச் சொல்லித்தான் நடந்தது.

நான் ஜெயசித்ரா. தேரடிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் நிற்கிறேன். வாய் கொஞ்சம் அதிகம் என்று முதலாளி அண்ணாச்சியே சொல்லுவார். பட்டு நன்றாகப் போகிறது, அதனால் வைத்திருக்கிறார். லட்சுமிப்ரியா எனக்குப் பக்கத்தில் நின்றவள். அதிகம் வாய் திறக்கமாட்டாள், கைதான் பேசும். ஒரு புடவையை எடுத்துத் தன் தோளில் போட்டு, கொசுவத்தை விரலால் விசிறிக் காட்டினாள் என்றால், பார்க்க மட்டும் வந்தவர்களும் வாங்கிக்கொண்டுதான் போவார்கள். கல்யாண வீட்டார் வந்ததும் யார் கையில் முடிவு இருக்கிறது, அம்மாவா, அத்தையா, ஓரமாகப் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணா என்று கண்டுபிடித்துவிடுவாள். அந்தப் பட்டுப் பிரிவைத் தவிர அவளுக்கென்று இந்த ஊரில் எதுவும் கிடையாது. வீட்டில் எல்லாமே அண்ணன் ஆனந்த்சங்கருக்கு.

அந்த அண்ணன் புளியங்குடி ரோட்டில் பைக்கைக் கொண்டுபோய் லாரியின் பின்னால் சொருகினான். குடித்திருந்தானா என்று நான் கேட்கவில்லை, கேட்டால் சண்டை வரும். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் அவன் கண்ணை மூடிக் கிடந்தபோது, அம்மா சங்கரேஸ்வரி கோமதி அம்மனை வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தால் முடி காணிக்கை தருகிறேன் என்றாள். யார் முடி? பிழைக்கப்போகிறவன் முடியா, இல்லை. வேண்டிக்கொண்டவளுக்கே பின்தொடை வரைக்கும் முடி உண்டு, அவிழ்த்துவிட்டால் தெருவே பார்க்கும், அதுவும் இல்லை. லட்சுமிப்ரியாவின் முடி. அவள் அப்போது கடையில் நின்று யாருக்கோ அரக்குப் பச்சையைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அவள் தலை போனது அவளுக்கே சாயங்காலம்தான் தெரியும்.

அண்ணன் பிழைத்தான். இவள் ஒரு வார்த்தை பேசாமல் போய் மொட்டை போட்டுக்கொண்டு, சந்தனம் பூசிய தலையோடு மறுநாள் வேலைக்கு வந்தாள். எனக்கு வரும் கோபத்தில் கால்வாசி அவளுக்கு வந்திருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும்.

எங்கள் மேற்பார்வையாளர் அகிலாண்டேஸ்வரி அவளைப் பார்த்த மாத்திரத்தில் பின்கட்டுக்கு அனுப்பினாள். கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்கள் மொட்டைத் தலையைப் பார்த்தால் முகம் சுளிப்பார்களாம். சாமிக்குக் கொடுத்த தலைதானே, அதில் என்ன அபசகுனம் என்று கேட்டேன். நீயும் பின்கட்டுக்குப் போகிறாயா என்று கேட்டாள். பின்கட்டு என்றால் கட்டுப் பிரிப்பது, விலைச் சீட்டு ஒட்டுவது, மற்றவர்கள் கலைத்துப் போட்டதை மடித்து வைப்பது. ஜன்னல் கிடையாது. லட்சுமிப்ரியா அங்கே உட்கார்ந்து, என்னுடைய புடவைகளை மடித்தாள்.

முடி வளர்ந்தது. முதல் வருஷம் காதை மூடியது. அடுத்த வருஷம் கழுத்தைத் தாண்டித் தோளுக்கு வந்தது. அந்தத் தீபாவளிக் கூட்டத்தில் ஆள் போதாமல் அகிலாண்டேஸ்வரியே அவளை முன்னால் கூப்பிட்டாள். லட்சுமிப்ரியா சவுரி முடி வாங்கி ஒட்டுவைத்துப் பின்னி, பிச்சிப்பூ வைத்துக்கொண்டு, கல்யாணப்பெண் மாதிரி வந்து நின்றாள். பனவடலிசத்திரத்துக் குடும்பம் ஒன்று வந்தது. பெண்ணுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக் காட்டச் சொன்னார்கள். இவள் தன் தலையில் போட்டுக் காட்டிவிட்டு இழுத்தாள். சரிகை சவுரியில் மாட்டிக்கொண்டு, சவுரி பூவோடு கழன்று பெண்ணின் அம்மா மடியில் போய் விழுந்தது. அந்த அம்மாள் பாம்பு விழுந்த மாதிரி எழுந்துவிட்டாள். எடுத்து வைத்த புடவையெல்லாம் கிடக்க, ஒரு கர்ச்சீப்கூட வாங்காமல் இறங்கிப் போனார்கள்.

அன்று அகிலாண்டேஸ்வரி தீர்ப்புச் சொன்னாள்.

"சொந்த முடியில பின்னல் முதுகுல விழணும், அதுல பூ நிக்கணும். அன்னைக்கு வா. அதுவரைக்கும் முன்னால தலை காட்டாத."

சரி, சில மாதம்தானே என்றுதான் நினைத்தோம். அங்கேதான் முடி நின்றது. தோளில் வந்து குத்துக்கல் மாதிரி நின்றுவிட்டது. பொங்கல் வந்தது, சித்திரை வந்தது, முடி தோளை விட்டு ஒரு நெல் அளவு இறங்கவில்லை. அப்போதுதான் ஊர் முழுக்க வைத்தியரானது. கறிவேப்பிலை, வெந்தயம், விளக்கெண்ணெய், செம்பருத்தி. ஒருத்தி முட்டையை உடைத்து ஊற்றச் சொன்னாள், இவளும் ஊற்றினாள், பின்கட்டில் நாங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டோம். மருந்துக்கடைக்காரர் மாத்திரை கொடுத்தார். யூடியூப்பில் எவளோ ஒருத்தி தன் நீள முடியை ஆட்டி ஆட்டி எண்ணெய் விற்றாள், அதையும் வாங்கினாள். எதுவும் கேட்கவில்லை என்றதும், உன் ராசி அப்படி, உடம்பில் சூடு, மனதில் கவலை என்று பழியை இவள் மேலேயே போட்டார்கள். இந்த ஊரில் வைத்தியம் பலிக்காவிட்டால் குற்றவாளி நோயாளிதான்.

லட்சுமிப்ரியா கண்ணாடி பார்ப்பதையே விட்டாள். அவள் இடத்தில் முதலாளியின் சொந்தக்காரப் பெண் ஒருத்தி வந்து நின்றாள், கொசுவம் பிடிக்கத் தெரியாத பிள்ளை. இந்த வருஷமும் வளராவிட்டால் அந்த இடம் அந்தப் பிள்ளைக்கே போய்விடும் என்று எல்லாருக்கும் தெரியும். யக்கா, நான் இங்கனயே கெடந்துருவேனோ என்று ஒருநாள் லட்சுமிப்ரியா என்னிடம் கேட்டாள். நான் பக்கத்தில் விலைச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த இன்னொருத்தி மேல் எரிந்து விழுந்தேன்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தின வாரம் என் நரைக்கு மருதாணி அரைத்தேன். மிச்சத்தை, குளிர்ச்சியாவது கிடைக்கட்டும் என்று அவள் தலை முழுக்க அப்பிவிட்டேன். முடி வேரிலிருந்து நுனிவரை செம்பட்டையானது. அதற்கும் ஊர் கருத்துச் சொன்னது, அதை விடுங்கள்.

தை மாதம் ஒரு மதியம், பின்கட்டில் சோற்றைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவள் குனிந்தபோது உச்சியைப் பார்த்தேன். வேரிலிருந்து நாலு விரல் அளவுக்குக் கறுப்பு. அதற்குக் கீழேதான் செம்பட்டை. சோற்றுப் பாத்திரத்தை மூடிவைத்தேன். மருதாணி போட்டபின் நாலு விரல் முடி புதிதாக வந்திருக்கிறது. அப்படியென்றால் வளர்கிறது. நன்றாகவே வளர்கிறது. ஆனால் நுனி அதே தோளில் நிற்கிறது. மேலே வந்த நாலு விரல் கீழே எங்கே போயிற்று?

தலையை யார் பின்னிவிடுகிறார்கள் என்று கேட்டேன். அம்மாதான் என்றாள். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் சிக்கெடுத்துப் பின்னிவிடுவாளாம். நுனி வெடித்திருந்தால் கொஞ்சம் கத்தரித்தும் விடுவாளாம், அப்போதுதான் வளரும் என்று. எவ்வளவு கத்தரிப்பாள் என்றேன். பின்பக்கம் நடப்பது எனக்கு எப்படித் தெரியும் என்று அவள் சொல்லிக்கொண்டே வந்து, பாதியில் நிறுத்திவிட்டாள்.

அப்போதே அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போனோம். என்னைக் கூப்பிட்டாளா என்று கேட்காதீர்கள், நானாகத்தான் போனேன். சங்கரேஸ்வரி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். லட்சுமிப்ரியா செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். வெட்டுகிற முடியை என்ன செய்கிறாய் அம்மா என்றுதான் கேட்டாள், சத்தம்கூட உயரவில்லை.

அந்த அம்மாள் மழுப்புவாள், அழுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். எழுந்து போய், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்து வந்து, பெருமையாக அவிழ்த்துக் காட்டினாள். நாம் நேர்ந்துகொண்டால் காசு முடிந்து வைப்போமே, அதேபோல ஒரு ரூபாய் நாணயம். அதைச் சுற்றிலும் முடி, நூல் கட்டிய சிறு சிறு கொத்துகள். அடியில் இருந்தவை கறுப்பு. மேலே இருந்தவை என் மருதாணிச் சிவப்பு.

"நான் என்ன களவா எடுத்தேன்? அண்ணனுக்குக் கவர்மெண்ட் வேலை கிடைச்சா உன் முடியத் தாரேன்னு அம்மனுக்கு நேந்திருக்கேன். மறுபடியும் மொட்டை போடச் சொன்னா நீ மூஞ்சியத் தூக்குவ. அதான் கொஞ்சங்கொஞ்சமாச் சேத்து வைக்கேன். உனக்கும் தெரியாது, சாமிக்கும் கொறையாது."

மகளுக்கு நல்லது செய்துவிட்ட திருப்தி அந்த முகத்தில் இருந்தது. என் வாயை என்னால் பிடிக்க முடியவில்லை.

"கடைத்தேங்காய எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கியளே, உங்க தலையில இருக்கது என்ன தென்னங்கீத்தா?"

தான் புருஷனோடு வாழ்கிற பொம்பளை, மொட்டை போட்டால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றாள். சரி, உங்கள் மகன் தலை என்றேன். அவனுக்குப் பெண் பார்க்கிறார்களாம், மொட்டையோடு போட்டோ எடுக்க முடியுமா என்றாள். அந்த மகன் உள்ளே கண்ணாடி முன்னால் நின்று, நெற்றி முடியைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தான். ஒரு எட்டு வெளியே வரவில்லை.

லட்சுமிப்ரியா முடிச்சைத் திரும்பக் கட்டி, எடுத்த இடத்தில் வைத்தாள். பின்னால் போய்க் கை கால் கழுவிவிட்டு வந்தாள். அம்மாவின் அலமாரியைத் திறந்து வேறொரு மஞ்சள் துணியை எடுத்தாள். என்னிடம் ஒரு ரூபாய் கேட்டாள், கொடுத்தேன். விளக்கை ஏற்றி, காசைத் துணியில் வைத்து முடிந்தாள். கும்பிட்டுக்கொண்டு, அம்மாவுக்கும் அண்ணனுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"தாயே, என் முடி வளந்து இடுப்பத் தொட்டா, எங்கம்மா தலையும் எங்கண்ணன் தலையும் மொட்டை போட்டு உனக்குக் காணிக்கை தாரேன்."

மறுபடி உருவ எடுத்திருந்த கீரைக் கொத்து சங்கரேஸ்வரி கையிலிருந்து கீழே விழுந்தது. இப்போது அண்ணனும் வெளியே வந்துவிட்டான். அவள் அம்மா கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"ஏட்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எந்தலைய நீ எப்பிடி நேரலாம்?"

லட்சுமிப்ரியா அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள், அந்த அம்மாள் கண்ணைத் தாழ்த்தும் வரைக்கும். பிறகு கீழே கிடந்த கீரையைப் பொறுக்கித் தட்டில் வைத்தாள்.

அதன்பிறகு அந்த வீட்டில் கத்தரிக்கோலை யாரும் தொடவில்லை. தொட முடியாது. வளர்கிற முடியை வெட்டினால் அம்மனுக்கு நேர்ந்ததைக் கெடுத்த பாவம், சாமிக்குத்தம். கோபத்தில் நேர்ந்தது செல்லுமா என்று சங்கரேஸ்வரி கோயிலில் போய் விசாரித்தாளாம். அம்மன் பெயரைச் சொல்லிவிட்டால் சொன்னதுதான் என்று பதில் வந்ததாம். சாமி படத்துக்குப் பின்னால் இரண்டு முடிச்சும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. சங்கரேஸ்வரி தினமும் இரண்டுக்கும் சேர்த்துத்தான் விளக்கு ஏற்றினாள். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிடுவதை மட்டும் நிறுத்திக்கொண்டாள்.

எண்ணெய் இல்லாமலே முடி இறங்கியது. மழைக்காலம் முடிவதற்குள் பின்னல் முதுகில் விழுந்தது. அகிலாண்டேஸ்வரி ஒருநாள் பின்கட்டுக்கு வந்து, அந்தப் பின்னலைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், கழன்று வருகிறதா என்று. வரவில்லை. நாளைக்குப் பூ வைத்துக்கொண்டு முன்னால் வா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். முதலாளியின் சொந்தக்காரப் பெண் சுடிதார் பிரிவுக்குப் போனாள். என்ன தேய்த்தாய், என்ன சாப்பிட்டாய் என்று பழைய வைத்தியர்கள் எல்லாரும் வந்து கேட்டார்கள். ஒன்றும் தேய்க்கவில்லை, வெட்டுகிற கையை நிறுத்தினோம் என்று நான் சொன்னேன். யாரும் நம்பவில்லை. எண்ணெய்ப் பெயரை மறைக்கிறோம் என்று பேசிக்கொண்டு போனார்கள்.

அடுத்த வருஷம் ஆனிக் கடைசியில் சங்கரேஸ்வரி எங்கள் கடைக்கு வந்தாள். மகனுக்குப் பெண் அமைந்துவிட்டது, தையில் கல்யாணம், முகூர்த்தப் பட்டு எடுக்க வேண்டும். கவர்மெண்ட் வேலை இல்லை, மாமனார் கடையில் இருக்கப் போகிறான். நான் வேண்டுமென்றே நகர்ந்துகொண்டு, லட்சுமிப்ரியாவை முன்னால் விட்டேன்.

அவள் மற்ற வாடிக்கையாளர்களுக்குச் செய்வதைத்தான் அம்மாவுக்கும் செய்தாள். மாம்பழ நிறப் பட்டு ஒன்றை உதறித் தன் தோளில் போட்டாள். பின்னல் இடைஞ்சலாக இருந்தது. அதைப் பிடித்து முன்பக்கம் தூக்கிப் போட்டாள். பிச்சிப்பூவோடு அது மார்பைத் தாண்டி, வயிற்றின் மேல் இறங்கிக் கிடந்தது. சங்கரேஸ்வரி புடவையைப் பார்க்கவில்லை. அவள் கை மெதுவாகப் போய்த் தன் கொண்டையைப் பிடித்துக்கொண்டது.

"இன்னும் எம்புட்டு இருக்கு?" என்று கேட்டாள்.

"நாலு விரல்."

"தைக்குள்ள வந்திருமோ?"

லட்சுமிப்ரியா கொசுவத்தை விரலால் விசிறி, முந்தானையை அம்மாவின் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"இப்பல்லாம் நிக்காம வளருதும்மா," என்றாள்.

நான் அடுத்த புடவையைப் பிரித்துப் போட்டேன்.