அலுமாரிக்குப் பின்னால் இருந்த அண்ணன் படம்

அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு, தங்கையான நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். "அழுவாச்சியா எழுதாத புள்ள, அவருக்குப் புடிக்காது" என்றும் சொன்னார். அழுவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. அண்ணன் படுக்கையில் விழுந்து அவதிப்படவில்லை. மாலைத் தேநீரைக் குடித்துவிட்டுக் கதிரையில் சாய்ந்து கண் அயர்ந்தவர் அப்படியே போய்ச் சேர்ந்தார். முருகன் எங்களுக்குச் செய்த பெரிய உதவி அது.

அண்ணன் பிறந்தது ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும், மழைக்கு ஒழுகும் ஒரு லயத்தில். அம்மா கொழுந்து பறித்தும் அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியும் எங்கள் இருவரையும் ஆளாக்கினார்கள். அடுப்புக்கரியால் சுவரெல்லாம் கிறுக்கி அம்மாவிடம் அடி வாங்கிய அண்ணன், பின்னாளில் பதுளையில் ஒரு கல்லூரியின் சித்திர ஆசிரியரானார். கோபம் வந்தால் கையிலிருக்கும் பென்சிலை உடைப்பாரே தவிர, பிள்ளைகளை அடிக்கமாட்டார்.

அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. தோட்டங்களில் யாராவது இறந்துவிட்டால் வீட்டில் மாட்டப் படம் இருக்காது. அடையாள அட்டையிலுள்ள சின்னப் படத்தை எடுத்துக்கொண்டு அண்ணனிடம் வருவார்கள். கருமாதிக்குள் பெரிதாக வரைந்து கொடுத்துவிடுவார். "எங்கம்மாவுக்கு ஒரு கல்லுத்தோடு போட்டு வுடுங்க சேர், உசுரோட இருக்கயில போட்டுப் பாக்கல" என்று தெமோதரையிலிருந்து வந்த ஒருவர் கேட்டார். அண்ணன் தோட்டோடு மூக்குத்தியும் சேர்த்து வரைந்தார். அந்தப் படங்களுக்கெல்லாம் வீடுகளில் பொட்டு வைத்து, மாலை போட்டு, கீழே விளக்கேற்றியிருப்பார்கள். கையால் வரைந்த படம் என்றால் எங்கள் பிள்ளைகள் பார்த்து வளர்ந்தது அதைத்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் அண்ணன் ஓய்வு பெற்றார். அடுத்த வாரமே கொழும்பில் இதய அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். அண்ணி கண்ட கோயிலுக்கெல்லாம் நேர்ந்துகொண்டிருந்த நேரம் அது. பிரியாவிடை விழாவில், உயர்தர வகுப்பு மாணவி கோகிலாவும் தோழிகளும் தாங்களே வரைந்த அண்ணனின் படத்தைத் திரை விலக்கிக் காட்டினார்கள். முகம் அச்சு அசலாக இருந்தது. ஆனால் நெற்றியில் பொட்டு, கழுத்தில் மாலை, கீழே குத்துவிளக்கு!

முன்வரிசையில் இருந்தவர்கள் பதறி எழுந்துவிட்டார்கள். "ஐயோ, என்ன புள்ள இது! ஆஸ்பத்திரிக்குப் போகப்போற மனுசனுக்கு..." என்று அண்ணி என் கையை இறுக்கிப் பிடித்தார். செய்தது என்னவென்று அப்போதுதான் உறைத்து, கோகிலா மேடையிலேயே அழத் தொடங்கினாள்.

அண்ணன் எழுந்தார். படத்தின் கிட்டப் போய்ப் பார்த்தார். "காது பெருசாப் போச்சு" என்றார். பிறகு ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"எல்லாரும் என் நெத்தியப் பாருங்க. வாசல்ல நீங்க வச்ச பொட்டு. கழுத்துல அதிபர் போட்ட மாலை. அந்தா, விளக்கு எரியுது. புள்ளைங்க என்னைய இன்னைக்கி இருக்கிறபடியே வரைஞ்சிருக்காங்க. இதுல பயப்பட என்ன இருக்கு?"

எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்ததும், அலுமாரிக்குப் பின்னால் முகத்தைச் சுவருக்குத் திருப்பி வைத்துவிட்டார்.

கொழும்பில் வைத்தியர் வெளியே வந்து "நல்லபடியாக முடிந்தது" என்று சொன்னபோது, அண்ணி ஆஸ்பத்திரித் தரையிலேயே உட்கார்ந்து அழுதார். எனக்கோ சிரிப்பாக வந்தது. அத்தனை நாள் அடக்கி வைத்திருந்த பயம் அப்படிப் போனது. கண் விழித்த அண்ணன் முதலில் கேட்டது, "அந்தப் படத்துல காதத் திருத்தணும், எங்க வச்சிருக்க?" என்றுதான். அண்ணி கடைசிவரை எடுத்துக் கொடுக்கவே இல்லை.

அதன் பிறகு அண்ணன் நிறைய ஆண்டுகள் நன்றாக வாழ்ந்தார். பேரப்பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பதுளைக் கடைத்தெருவைச் சுற்றினார்.

அவர் போன அன்று, ஊருக்கெல்லாம் படம் வரைந்தவருக்கு மாட்ட ஒரு படமில்லையே என்று நாங்கள் திகைத்து நின்றோம். அண்ணி எழுந்து போய் அலுமாரியை நகர்த்தினார். தூசியைச் சேலைத் தலைப்பால் துடைத்து, "இப்ப மாட்டுங்க" என்றார்.

அப்புத்தளையில் இன்று சித்திர ஆசிரியையாக இருக்கும் கோகிலா வந்தாள். படத்தைக் கண்டதும் அண்ணியின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "நான் அப்புடி வரைஞ்சிருக்கக் கூடாதும்மா. இத்தன வருசமா மனசு கேக்கல."

"அட போடி பைத்தியக்காரி! நீ வரைஞ்ச பொறகுதான அவரு பேரப்புள்ளைங்களத் தூக்குனாரு! நானும்தான் பயந்து பயந்து செத்தேன். இனி எனக்கும் பயமில்ல, ஒனக்கும் வேணாம்" என்று அவளை எழுப்பி உட்கார வைத்தார் அண்ணி.

அண்ணனின் உயிரைக் காத்துத் தந்த வைத்தியர்களுக்கும், மழையில் நனைந்து தோள்கொடுத்துத் தூக்கியவர்களுக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த அயலவர்களுக்கும், கல்லூரிப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. இந்த மலரின் அட்டையில் இருப்பது கோகிலா வரைந்த அதே படம்தான். அச்சகத்தில் காதைக் கொஞ்சம் சிறிதாக்கித் தரவா என்று கேட்டார்கள். வேண்டவே வேண்டாம் என்று அண்ணி சொல்லிவிட்டார்.