மூன்று ஜிபி குறைந்தது

பிரிவது என்று முடிவாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. கணவர் ஊரின் மறுகோடியில் இருக்கும் சந்தாபுராவுக்குக் குடிபோய்விட்டார். நான் தொம்மலூரில் அதே வீட்டில் தனியாக இருந்தேன். அவருடைய ஹார்ட் டிஸ்க் மட்டும் என் அலமாரியில் தங்கிவிட்டது. ஏழு வருடத்துப் படங்கள் அதில்தான். "காப்பி பண்ணிக்கிட்டு டிஸ்க்கை அனுப்பிடு" என்று ஒரு நாள் மெசேஜ் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லேப்டாப்பில் போட்டேன். முடிந்ததும் பார்த்தால் டிஸ்க்கில் அறுபத்தொரு ஜிபி, லேப்டாப்பில் ஐம்பத்தெட்டு. அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். அதே ஐம்பத்தெட்டு. எது விட்டுப்போயிற்று என்று ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்தேன். கூர்க் மழை, வாடகை வீட்டில் பால் காய்ச்சியது, அவர் ஹெல்மெட்டோடு தூங்கியது. எதுவும் குறையவில்லை. ஆனாலும் கணக்கு உதைத்தது. சாப்பிடத் தோன்றவில்லை. மூன்று மணிக்கு அவருக்கே போன் செய்தேன்.

"படம் காப்பி பண்ணேன். சைஸ் ஒத்துப்போகல, மூணு ஜிபி குறையுது. என்னன்னு நீங்க ஒரு தடவை சொன்னீங்கன்னா..."

காலேஜ் நாளிலிருந்து "நீ" என்றே கூப்பிட்டவள் நான். அந்த "நீங்க" எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அவர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"பிராப்பர்ட்டீஸ் திற. ரெண்டு சைஸ் காட்டும். எதைப் பாக்கற?"

"கீழ இருக்கறது."

"அது டிஸ்க்ல எவ்வளவு இடம் அடைச்சிருக்குங்கற கணக்கு. டிஸ்க்குக்கு டிஸ்க் மாறும். மேல இருக்கறதப் பாரு. எத்தனை ஃபைல்னும் பாரு."

பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு. எண்ணிக்கையும் ஒன்றே.

"சரியா இருக்கா?"

"ம். எல்லாம் வந்துருச்சு."

நியாயமாக நிம்மதி வந்திருக்க வேண்டும். ஒரே ஒரு படமாவது காணாமல் போயிருந்தால் இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாமே என்றுதான் இருந்தது.

"சாப்டியா?" என்று கேட்டார். பழக்கத்தில் கேட்டிருப்பார்.

"ஆச்சு" என்றேன்.

போனை வைத்த பிறகு அரிசி களைந்து குக்கரில் வைத்தேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு போடுவது என்பது இன்னும் கைக்கு வரவில்லை, மிஞ்சிவிட்டது.

மறுநாள் ஆபீஸ் போகும் வழியில் டிஸ்க்கை கூரியரில் போட்டேன். கிடைத்துவிட்டது என்று ஒரு வரி பதில் வந்தது. அதன்பின் ஒருவரையொருவர் கூப்பிட எங்களுக்குக் காரணம் எதுவும் இருக்கவில்லை.