நான் மிதித்த பாட்டு

அந்த நாட்களில் எங்கள் வீட்டின் மின்சாரம் நான்தான். இதைச் சொல்வதில் எனக்கு இன்றைக்கும் துளியும் கூச்சமில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து உடையார்கட்டில் கொட்டில் போட்டிருந்தோம். யுத்தகால வன்னியில் கரண்ட் இல்லை, பற்றரிக்கும் தடை. அம்மாவின் தம்பியான என் மாமா, தன் உடுப்புகளைக்கூட விட்டுவிட்டுத் தோளில் சுமந்து வந்த, கசெற்றில் கேட்கவும் பதியவும் கூடிய பாட்டுச் செற் மட்டும் எங்களிடம் இருந்தது. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பின்சில்லில் டைனமோவைச் சாய்த்து, அதிலிருந்து செற்றுக்கு வயர் இழுப்பார். ஸ்பீக்கரை மண்பானையின் வாயில் கவிழ்த்து வைப்பார். நான் ஏறி மிதிக்கத் தொடங்கினால் பானைக்குள்ளிருந்து பாட்டு எழும்பும். ஒழுங்கையில் போகிறவர்கள் வேலியோரம் நின்று கேட்பார்கள். அவர்கள் என்னைப் பார்க்கத்தான் நிற்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அந்த வருடம் அம்மாவின் கடைசித் தங்கையான சின்னம்மாவுக்குக் கனடாவில் மாப்பிள்ளை பேசி முற்றாக்கியிருந்தார்கள். இருவரும் ஒருவரையொருவர் படத்தில் மட்டும் பார்த்தவர்கள். பெண் சங்கீதம் படித்தவள் என்று கேள்விப்பட்ட மாப்பிள்ளை, ஒரு பாட்டுப் பாடிக் கசெற்றில் பதிந்து அனுப்பச் சொன்னார். சின்னம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. தன் முகத்தைப் பற்றி அவருக்குப் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை. குரலைத்தான் நம்பியிருந்தார். அந்தக் குரல் வவுனியா தாண்டி, கொழும்பு தாண்டி, பழுதாகாமல் போய்ச் சேர வேண்டும்.

எந்தக் கசெற்றில் பதிவது என்பதை மாமா சாதாரண விஷயமாக எடுக்கவில்லை. என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு புதுக்குடியிருப்புக்குப் போனார். கடைக்காரர் பொன்னெழுத்துப் போட்ட புதுக் கசெற்றை எடுத்து வைத்தார். கனநேரம் ஓடும் என்று புகழ்ந்தார். மாமா அதைக் காதோரம் வைத்துக் குலுக்கினார், வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார்.

“கனநேரம் ஓடுறதெண்டால் நாடா மெல்லிசு. வெக்கைக்குச் சுருண்டிடும்,” என்றார். “அதோடை இது ஒட்டின கசெற். சிக்கினால் திறக்கேலாது. ஆணி போட்டதெண்டால் கழட்டி எடுத்துச் சுத்தலாம்.”

கடைக்காரர் சிரித்தபடி, “கசெற்றுக்கும் சாதகம் பாக்கிறியள்,” என்றார். மாமா வெறுங்கையோடு திரும்பினார்.

வீட்டுக்கு வந்து தன்னுடைய ஒரு பழைய கசெற்றை எடுத்தார். நாலு மூலையிலும் ஆணி, தடித்த நாடா. எத்தனையோ இடப்பெயர்வில் மழையும் மண்ணும் பட்டும் சிக்காதது. அவர் உயிரை விட்டுக் கேட்கும் பாட்டெல்லாம் அதில்தான் இருந்தது. யாரும் அழித்துவிடக் கூடாதென்று மேல்விளிம்பில் இருந்த தகட்டை முன்பே உடைத்து வைத்திருந்தார். இப்போது மறுபடி பதிவதற்காக அந்தப் பள்ளத்தின் மேல் தானே பிளாஸ்ரர் ஒட்டினார். “வேண்டாம் அண்ணை, உங்கடை பாட்டெல்லாம் போயிடும்,” என்று சின்னம்மா தடுத்தார்.

“எனக்கு அதெல்லாம் மனப்பாடம். நீ பாடு,” என்றார் மாமா. அன்றைக்கு மாமா எனக்கு மிகப் பெரிய மனிதராகத் தெரிந்தார். இன்றைக்கும் அந்த அபிப்பிராயத்தில் மாற்றமில்லை.

சில்லுச் சத்தம் பதியாமலிருக்கச் சைக்கிளைக் குசினிக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சின்னம்மா உள்ளே பாட, நான் வெளியே மிதித்தேன். பாட்டு நீளமானது, நானோ சின்னப்பிள்ளை. பாதிக்கு மேல் கால் துவளத் தொடங்கியது. ஆனாலும் விடவில்லை. முடிந்ததும் மாமா போட்டுப் பார்த்தார். அதற்கும் நான்தான் மிதித்தேன். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு குறையுமில்லை. மாமா சின்னம்மாவின் தலையில் ஒருமுறை, என் தலையில் ஒருமுறை தட்டினார். வன்னியை விட்டு வவுனியாவுக்குப் போகப் பாஸ் கிடைத்த ஒருவரிடம் கசெற் போயிற்று.

மாதக்கணக்கில் ஒரு சங்கதியும் இல்லை. சின்னம்மா மெலிந்துபோனார். கடைசியில் கனடாவிலிருந்து பதிலும் கசெற்றாகவே வந்தது. நான் ஏறி மிதித்தேன். மாப்பிள்ளையின் குரல் பானைக்குள்ளிருந்து வந்தது.

“பாட்டு நல்லா இருக்குது. நான் ஒவ்வொரு நாளும் போட்டுக் கேக்கிறனான். கடைசியிலை ஒரு சின்னப்பிள்ளையும் பாடுது. அது ஆர்? அவவையும் நான் கேட்டதாச் சொல்லுங்கோ.”

எல்லோரும் முழித்தார்கள். “அங்கத்தைக் குளிருக்கு நாடா இறுகியிருக்கும்,” என்றார் மாமா. உண்மை எனக்கே பல வருடம் கழித்து, கரண்ட் உள்ள ஊரில்தான் விளங்கியது. நான் களைக்கக் களைக்கச் செற்றும் மெதுவாகச் சுற்றியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைக் கனடாவின் ஒழுங்கான கரண்டில் போட்டால் குரல் கீச்சென்று பிள்ளைக் குரலாகிவிடும். வீட்டில் போட்டுப் பார்த்தபோது பிழை தெரியாததற்குக் காரணமும் நான்தான். பதியும்போது களைத்த அதே இடத்தில் கேட்கும்போதும் களைத்திருக்கிறேன்.

அன்றைக்கு இதெல்லாம் யாருக்குத் தெரியும்? மிதித்தவள் நான், ஆகவே என் குரலும் உள்ளே போய்விட்டது என்று முடிவு செய்துகொண்டேன். கனடா மாப்பிள்ளை என்னைக் கேட்டிருக்கிறார். பெருமை தாங்காமல் காற்றாய் மிதித்தேன்.

“கொஞ்சம் மெள்ள மிதி பிள்ளை,” என்றார் சின்னம்மா.

மெதுவாக மிதித்தேன். மாப்பிள்ளையின் குரல் தடித்து இழுபட்டது. “கிழவன்ரை குரல் மாதிரிக் கிடக்கு. கெதியா மிதி,” என்றார் மாமா.

“இல்லை அண்ணை, அவளுக்குக் கால் நோகும். மெள்ளவே மிதிக்கட்டும்.” சின்னம்மா பானையோடு ஒட்டினாற்போல் போய் உட்கார்ந்தார்.

மாப்பிள்ளை பேசி அனுப்பியிருந்தது கொஞ்சம்தான். மெள்ள மிதித்தால் அந்தக் கொஞ்சம் இன்னும் சற்று நேரம் நிற்கும் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. என் காலில் சின்னம்மாவுக்குத்தான் எவ்வளவு இரக்கம் என்று நினைத்து, கால் நோகாமலே நொந்தவள்போல முகத்தை வைத்துக்கொண்டு, மெள்ள மெள்ள மிதித்துக்கொண்டிருந்தேன்.