மாமா கிணற்றுத் தண்ணீர்

அன்று எங்கள் கிணற்றுமேட்டில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, தங்கை, சங்ககிரிப் பக்கமிருந்து வந்திருந்த கிணற்றில் சைடு போர் போடும் ஆட்கள் மூன்று பேர், பரீட்சைக்குப் படிக்க விட்ட விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த நான். இல்லாதவர் மாமா, அம்மாவின் அண்ணன். எங்கள் காட்டுக்கும் அவர் காட்டுக்கும் நடுவே ஒரு வரப்புதான். வரப்புக்கு இந்தப் பக்கம் எங்கள் கிணறு, அந்தப் பக்கம் அவர் கிணறு. இங்கே நின்று கூப்பிட்டால் அங்கே கேட்கும். பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுத்து அவர் பழனிக்கு நடந்து போயிருந்தார். அத்தையும் பிள்ளைகளும் கூடவே போயிருந்தார்கள். மாமா ஊரில் இல்லாத வாரமாகப் பார்த்து வேலையை வைத்துக்கொண்டோம் என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. அந்த வாரம்தான் ஆட்கள் கிடைத்தார்கள் என்பார்.

புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். ஆறும் கிடையாது, வாய்க்காலும் கிடையாது. கிணறுதான் எல்லாம். குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி நட்டு, ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லுக்குப் போட்டு, வருகிற காசில் வருஷத்தை ஓட்டுவோம். கிணற்றில் தண்ணீர் நின்றால் நாங்கள் காட்டில் நிற்கலாம். நிற்காவிட்டால் அப்பாவும் நானும் லாரிக்கோ ஆழ்துளை போடும் ரிக் வண்டிக்கோ ஆளாகப் போக வேண்டியதுதான். ஊரில் பல வீடுகளில் அப்போதே அப்படித்தான் போயிருந்தார்கள்.

நான் சிறுவனாக இருந்த காலத்தில் மாடு கட்டி, தோல் சாலில் தண்ணீரை மேலே இழுக்கும் கவலை இறைத்தார்கள். அதை உயர்த்திச் சொல்ல எனக்கு மனம் வராது. பின்னோக்கி நடந்து நடந்து அப்பாவின் இடுப்பு போனது அதில்தான். ஒன்று மட்டும் சொல்லலாம். மாடு களைத்தால் அவிழ்த்துக் கட்டித்தான் ஆக வேண்டும், அதற்குள் கிணறு கொஞ்சம் ஊறிவிடும். கரண்ட் வந்து மோட்டார் வைத்த பிறகு களைத்துப்போக யாரும் இல்லை. கரண்ட் இருக்கிறவரை ஓடியது. நான் கல்லூரிக்குப் போன வருஷங்களில் மழையும் ஏமாற்றியது. கிணற்றின் அடியில் பாறை தெரிய ஆரம்பித்தது.

சைடு போர் என்பது கிணற்றுக்குள் இறங்கி, பாறைச் சுவரில் படுக்கைவாட்டில் துளை போடுவது. சிறு மெஷினைக் கயிறு கட்டி இறக்குவார்கள். பாறையில் தண்ணீர் நிற்கிற வெடிப்பு ஏதாவது மாட்டினால் குழாய் திறந்தது போல வந்து கொட்டும். அடிக்கு இவ்வளவு என்று கூலி. அன்றைக்கு மூத்த ஆள் கீழேயிருந்து தலையைத் தூக்கி, எந்தப் பக்கமுங்க போடட்டும் என்று கேட்டான். அப்பா மேற்கே கையைக் காட்டினார். தண்ணீர் இருக்கிற பக்கம்தானே போட வேண்டும்? மேற்கே தண்ணீர் இருப்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும், தினமும் எட்டிப் பார்க்கிறோமே.

“அப்பா, அந்தப் பக்கம் மாமா கெணறுங்க” என்றேன்.

“நம்ம கெணத்துக்குள்ள நின்னுதான சாமி போடறோம்” என்றார் அப்பா. அவர் அதைச் சாக்காகச் சொல்லவில்லை. அவர் நம்பியதே அதுதான். வரப்பைத் தாண்டி மண்வெட்டி போடுவது தப்பு. அதை அவர் ஜென்மத்திலும் செய்ததில்லை. தன் கிணற்றுக்குள் தான் நின்று எதைச் செய்தாலும் அது தன் காரியம். பூமிக்குக் கீழே வரப்பு எங்கே போகிறது என்று எங்கள் ஊரில் யாரும் யோசித்ததில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் தண்ணீர் வந்தது. முதலில் வெள்ளையாகக் கல்மாவோடு, பிறகு தெளிந்து, தொடை கனத்துக்கு. அம்மா மஞ்சளும் பூவும் தூவிக் கற்பூரம் காட்டினாள். அப்பா வேட்டியோடு இறங்கிப்போய் அதன் கீழே தலையைக் கொடுத்து நின்றார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மெய்யைச் சொல்வதற்கென்ன.

மாமா பழனியிலிருந்து வந்ததும் ஊர் வழக்கப்படி வீடு வீடாகப் பஞ்சாமிர்தம் கொடுத்தார். எங்கள் வீட்டுக்கு வரும் முன்பு தன் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்க வேண்டும். வழியில் எங்கள் கிணற்றுமேட்டில் கொட்டிக் கிடந்த வெள்ளை மாவையும் பார்த்திருப்பார். மொட்டைத் தலையில் சந்தனம் காயாமல் வந்து உட்கார்ந்தார். அம்மா கைகளை ஏந்தி வாங்கிக்கொண்டாள். அப்பாவும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

“ஏனுங்க மாப்ள, கெணத்துல மாவு மில்லு வெச்சிருக்கீங்களாட்ட இருக்குது” என்றார் மாமா.

அப்பா விரலை நக்கிக்கொண்டிருந்தார்.

சண்டை வரும் என்று நான் பயந்தேன். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “அந்தச் சைடு போரு ஆளுங்க எந்தூருங்க?” என்று கேட்டார்.

பெண் எடுத்த வீட்டு மச்சான் ஓர் ஆள் விலாசம் கேட்கும்போது தெரியாது என்று சொல்ல எங்கள் பக்கத்தில் முடியாது. அப்பா ஊரைச் சொன்னார். சந்தை நாளில் போனால் பிடிக்கலாம் என்றார். அடிக்கு எங்களுக்குச் சொன்ன ரேட்டை விடக் குறைத்துக் கேளுங்கள், ஒத்துக்கொள்வார்கள் என்று யோசனையும் சொல்லி, வாசல் வரை போய் அனுப்பிவிட்டு வந்தார். அம்மா பஞ்சாமிர்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தாள்.

அதே ஆட்கள், அதே மெஷின். மாமா கிணற்றிலிருந்து கிழக்கே போட்டார்கள். அங்கேயும் தண்ணீர் கொட்டியது. அதிலிருந்து இரண்டு கிணற்றிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றது. நாங்கள் இறைத்தால் அவருடையது இறங்கும், அவர் இறைத்தால் எங்களுடையது இறங்கும். பிறகு நடந்தது கரண்டுக்கான ஓட்டம். கரண்ட் முறை வைத்து வரும். வந்த நிமிஷம் அம்மா அடுப்பில் இருப்பதைப் போட்டுவிட்டு மோட்டார் ரூமுக்கு ஓடுவாள். அந்தப் பக்கம் அத்தை ஓடுவாள். முந்திப் போட்டவர்களுக்கு அதிகம். ஒருநாள் இருவரும் ஒரே நேரத்தில் ஓடி, வரப்பைத் தாண்டி ஒருவரை ஒருவர் பார்த்து, அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். அம்மாவும் சிரித்தாளாம். சிரித்துக்கொண்டேதான் இருவரும் சுவிட்சைப் போட்டார்கள்.

நான் படித்தது பாறைகளைப் பற்றிய படிப்பு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். எங்கள் பூமிக்கு அடியில் பெரிய ஏரி எதுவும் இல்லை, வெடிப்புகளில் ஊறி நிற்பதுதான் எல்லாத் தண்ணீரும், மழை கொடுப்பதை விட அதிகம் எடுத்தால் எல்லோருக்கும் சேர்ந்து தீரும் என்று வகுப்பில் சொன்னார்கள். விடுமுறையில் வந்து அப்பாவிடம் படம் போட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். நான் சொல்வது சரிதான், இதை மாமாவிடம் போய்ச் சொல் என்றார். போனேன்.

மாமாவும் முழுவதும் கேட்டார். “உங்கொப்பங்கிட்டச் சொன்னயா சாமி?” என்றார்.

“சொன்னனுங்க மாமா.”

“என்னன்னாரு?”

“உங்ககிட்டச் சொல்லச் சொன்னாருங்க.”

மாமா வெகுநேரம் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. அத்தை கொடுத்த மோரைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

ஆனாலும் விடவில்லை. நடையாய் நடந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் முறை போட்டு இறைப்பது என்று இருவரையும் ஒத்துக்கொள்ள வைத்தேன். மாரியம்மன் கோயில் முன்னால் இருவரும் சொன்னார்கள். சில வாரம் நடக்கவும் செய்தது. இரண்டு கிணற்றிலும் கொஞ்சம் ஏறியது. வகுப்பில் படித்தது கண்ணெதிரே நடக்கிறதே என்று எனக்குப் பெருமை. பிறகு எங்கள் முறையன்று நாள் முழுக்கக் கரண்ட் வரவில்லை. கிழங்குக் காடு வாடிக் கிடந்தது. மறுநாள் கரண்ட் வந்ததும் அப்பா மோட்டாரைப் போட்டார். நேற்றைய முறை பாக்கி இருக்கிறது என்றார். முறை நாளுக்குத்தானே, கரண்டுக்கா என்று மாமாவும் போட்டார். இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கோ கம்பி அறுந்ததற்கு எந்தக் கணக்கில் தீர்ப்புச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அன்றோடு முறை போனது. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சும் போனது.

பேச்சு இல்லையென்றால் கை நனைப்பதும் இல்லை. மாமா வீட்டு விசேஷத்துக்கு அப்பா போகவில்லை. அம்மாவையும் போகச் சொல்லவில்லை. ஒருநாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அம்மா என்னிடம் கேட்டாள். “அவிக ஊட்டுல பச்சத்தண்ணி குடிக்கக்கூடாதுங்கறாரு உங்கொப்பன். இந்தக் கொடத்துல இருக்கறது யாரூட்டுத் தண்ணி சாமி?” படித்தவன் என்று என்னைத்தான் கேட்டாள். நான் வெளியே எழுந்து போய்விட்டேன்.

எண்பதுகளின் நடுவில், நான் படிப்பை முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தபோது, யூனியன் ஆபீசில் விவசாயிகளுக்கு ஒரு கூட்டம் போட்டார்கள். மெட்ராசிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். நல்ல மனிதர். சுவரில் படம் காட்டினார். ஏதோ தேசத்தில் காடு அழிவது, ஏதோ தேசத்தில் மண் மணலாவது, கடலில் எண்ணெய் மிதப்பது. உலகம் முழுக்க இதுதான் பிரச்சினை, இன்றைய தேவைக்காக நாளைய பிள்ளைகளுடையதை எடுத்துச் செலவழிக்கக் கூடாது என்றார். முதல் வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டினேன். எனக்குப் பின்னால் ஒருவர், உலகத்துக்கே தண்ணி பத்தலையாமா, நம்மூருக்கு மட்டும் தனியா வந்துருமாக்கும் என்றார். சிரிப்பு எழுந்தது.

கடைசி வரிசையிலிருந்து மாமா எழுந்தார். “நீங்க சொல்றது நெசந்தானுங்க. ஆனா மொதல்ல யாருங்க மோட்டார நிறுத்தறது? நான் நிறுத்துனா அந்தத் தண்ணி எம்பேரனுக்கு இருக்குமுங்களா, பக்கத்துக் காட்டுக்குப் போகுமுங்களா?”

நான்கைந்து பேர் தள்ளி உட்கார்ந்திருந்த அப்பா தலையை ஆட்டினார், மாமா சொன்னதற்குத்தான். இருவரும் பேச்சில்லாத அந்த வருஷங்களில் ஒத்துப்போன ஒரே விஷயம் அது. அதிகாரி, நல்ல கேள்வி என்றார். நீங்களே கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டும் என்றார். பிறகு டீ கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. அப்பா வெடி வைத்து, உடைந்த கல்லைக் கிரேனில் அள்ளிக் கிணற்றை ஆழப்படுத்தினார். ஆழம் கூடிய கிணற்றுக்கு இரண்டு கிணற்றுத் தண்ணீரும் வந்தது. அடுத்த வெயில் காலத்தில் மாமா எங்களைவிட ஆழப்படுத்தினார். அவர் கிணற்றில் வெடி வைக்கும்போதெல்லாம் எங்கள் வீட்டுப் பாத்திரம் அதிரும். பிறகு மாமாதான் முதலில் ரிக் வைத்து ஆழ்துளை போட்டார். ஒரு வருஷம் ஓடியது, நின்றது. இரண்டு கிணற்றிலும் அடிப்பாறை காய்ந்து, பாறை இடுக்கில் புறாக்கள் கூடு வைத்தன. மாமா பையன் ஒருவன் லாரியில் கிளீனராகப் போனான். இன்னொருவன் ரிக்கிலேயே சேர்ந்து வடக்கே போய்விட்டான்.

எங்கள் மேல்காட்டைக் கோழிப்பண்ணை வைக்கிற ஒருவருக்கு விற்றுத்தான் அப்பா ரிக்குக்குப் பணம் சேர்த்தார். திருச்செங்கோட்டுக்குப் போய் வண்டி பேசிவிட்டு வந்தது நான்தான். வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னேன். அப்புறம் என்ன பண்ணலாம், நீயே சொல் என்றார். பஸ் ஏறினேன்.

ரிக் வந்து காலையிலேயே ஓட்ட ஆரம்பித்தார்கள். சத்தத்தில் யாரும் பேச முடியாது. கல்மாவு எழும்பி வேலி, மாடு, எங்கள் முகம் எல்லாம் வெள்ளையானது. இருநூறு அடியில் ஈரம் கூட இல்லை. முந்நூறிலும் காய்ந்த மாவுப் புகைதான். வண்டிக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு, போடறதா போதுமா என்று கேட்டார். அப்போதுதான் மாமா வரப்பைத் தாண்டி வந்து நிற்பதைப் பார்த்தோம்.

“போதுமுங்க மாப்ள, விட்டுருங்க” என்றார்.

அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீங்க அப்பறம் போட மாட்டீங்களே மச்சான்?” என்றார்.

“எதைக் கொண்டுங்க நான் போடறது?”

அப்பா நம்பினாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வண்டிக்காரரைப் பார்த்து இன்னும் நூறு அடி என்று விரலைக் காட்டினார். அதிலும் புகைதான் வந்தது. குழாய்களை ஒவ்வொன்றாக உருவி வண்டியில் அடுக்கிப் பணத்தை வாங்கிக்கொண்டு அவர்கள் போனார்கள். நாங்கள் விற்ற மேல்காட்டில் கோழிப்பண்ணைக்காரர் போர் போட இடம் பார்த்துக் கல் நட்டிருந்தார்.

அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து முதலில் அண்ணனிடம் நீட்டினாள். ரோட்டுக் குழாயில் பிடித்துவந்த தண்ணீர். மாமா குடித்தார். அப்பாவும் குடித்தார். இருவரும் மாவுக் குவியலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தார்கள். எல்லாமாகச் சேர்த்து எவ்வளவு ஆயிற்று என்று கூட்டிச் சொல் சாமி என்றார் அப்பா. நான் குச்சியால் அந்த மாவிலேயே எழுத ஆரம்பித்தேன்.

“ரெண்டு ஊட்டுக்குஞ் சேத்தே போடு. தண்ணி ஒண்ணுதான?” என்றார் மாமா.

அவர் சொல்லச் சொல்ல அவருடையதையும் சேர்த்து எழுதினேன். சைடு போர், வெடி, கிரேன், ரிக், இரண்டு வீட்டுக்குமாக நாற்பத்து மூவாயிரத்து இருநூறு ரூபாய்.