ஓர்னெல்லாவின் காது

ஓர்னெல்லாவின் அப்பா மலையோர சர்ச் ஒன்றில் ஆர்கனுக்குத் துருத்தி மிதித்தவர். அவள் வாழ்க்கைப்பட்டது பிஸ்தோயா நகரில், இசைக்குழுக்களுக்கு வெண்கலத் தாளத் தட்டுகள் வார்க்கும் பெர்னாக்கி குடும்பத்தில். உலையும் கடைசலும் மூத்தவர் செத்திமியோவின் பொறுப்பு. சுத்தியலால் தட்டி நாதம் வரவழைத்து, எந்தத் தட்டுக்கு எது ஜோடி என்று காதால் சேர்ப்பவன் இளையவன் ஃபோஸ்கோ, அவள் கணவன். அவளுக்கு மெருகு போட்டு வைக்கோலில் பொதியும் வேலை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்துநாலில் ஒரு மதியம், "சூப் ஆறுது" என்று மூன்று முறை கூப்பிட்டாள். முதுகு காட்டி நின்ற ஃபோஸ்கோ திரும்பவே இல்லை. அவன் காது மந்தமாகிவிட்டது அவளுக்குப் புரிந்துபோயிற்று. மறுநாள் முதல் அவன் ஜோடி சேர்க்கும்போது துடைக்கும் துணியோடு எதிரே போய் நின்றாள். ஜோடி சேர்ந்தால் துணியை வலது தோளில் போடுவாள், சேராவிட்டால் இடது தோளில். அவனும் அந்தத் துணியைப் பார்த்தே ஜோடி சேர்த்தான். இரண்டு வருடம் இப்படியே ஓடியது.

பிறகு நிமோனியா வந்து அவள் மூன்று வாரம் படுத்துவிட்டாள். அந்த வாரங்களில் அனுப்பிய ஜோடி ஒன்று நாதம் சேரவில்லை என்று லிவோர்னோ ஊர் இசைக்குழுவிலிருந்து திரும்பி வந்தது. செத்திமியோ தட்டுகளும் கையுமாகப் படுக்கையறைக்கே வந்து, கூட வந்த தம்பியின் முன்னால் ஓங்கி மோதினார். ஓர்னெல்லா முகத்தைச் சுளித்தாள்.

"டேய், தட்டு இங்க இருக்கு. அவ மூஞ்சியை ஏன்டா பாக்குற?"

ஃபோஸ்கோ தலை குனிந்தான். "மேல் சுருதி எதுவும் காதுல விழலண்ணே. ரெண்டு வருஷமாச்சு. இவதான் ஜாடை காட்டுவா."

செத்திமியோ கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு ஒரு காது போயி ஆறு வருஷம்டா. நீ கேக்குறியேன்னு தைரியமா இருந்தேன்."

ஓர்னெல்லாவுக்குச் சிரிப்பில் இருமல் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப இந்தப் பட்டறையில காது உள்ளவ நான் ஒருத்திதானா?"

"சீக்கிரம் எந்திரிச்சு வா தாயே. நீ கேக்காம இனிமே ஒரு தட்டு வெளிய போகாது" என்றார் செத்திமியோ.

அப்படியே நடந்தது. பட்டறையின் நடுவில் அவளுக்கென்று நாற்காலி போட்டார்கள். இருபத்தேழு வருடம் அதில் உட்கார்ந்து ஜோடி சேர்த்தாள். தூர ஊர் இசைக்குழுக்காரர்கள் அவள் பெயருக்கே கடிதம் போட்டார்கள்.

தினமும் பத்து மணிக்கு ஃபோஸ்கோ அவளுக்குக் காபி கொண்டுவருவான். ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "இந்தப் பச்சை சட்டையில அழகா இருக்கடி" என்பான். தெருக்கோடி வரை கேட்கும்.

"மெதுவாய்யா!" என்று சிவந்துபோவாள் அவள்.