காலிக் கட்டத்தில் ஒரு மகள்

கானா நாட்டுக் குமாசியில் என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த கடை டூஃபியுடையது. சாவு அறிவிப்புக்கு இணையப் பக்கம் செய்துகொடுப்பாள். பன்னிரண்டு வருடமாக ஒரே டெம்ப்ளேட்தான். அதில் ஒவ்வொரு கட்டத்திலும் மாதிரி எழுத்து இருக்கும்: ‘இறந்தவர் பெயர்’, ‘வயது’, ‘அடக்கம் நடக்கும் ஊர்’. குடும்பத்தார் விவரம் கொடுத்தால் பிஎச்பி நிரல் அதை எடுத்து மாதிரி இருந்த இடத்தில் வைக்கும். கொடுக்காமல் விட்டால் மாதிரியே நிற்கும்.

‘பிள்ளைகள்’ கட்டத்தில் மட்டும் ‘அசேடா’ என்று எழுதியிருந்தாள்.

அவளுக்குப் பிறந்த பெண் ஆறாம் நாளே போய்விட்டது. எங்களுக்கு எட்டாம் நாள்தான் பெயர் வைப்பது. அதற்குள் போனால் அது வந்துபோன விருந்தாளி, தாய் அழக்கூடாது. பெரியவர்கள் துக்கமில்லை என்று காட்ட அவளுக்கு வெள்ளை உடுத்தி, நிலக்கடலைக் குழம்பு ஊற்றி வயிறு நிறையச் சாப்பிடவைத்தார்கள். அந்தப் பெரியவர்கள்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. அவளோ கடைசி வாய்வரை சாப்பிட்டாள். அடுத்த வாரம் டெம்ப்ளேட் எழுத உட்கார்ந்தாள். வைக்க நினைத்திருந்த பெயரை அதில் வைத்தாள்.

அது வெளியே தெரிந்ததேயில்லை. எங்கள் ஊரில் பிள்ளைகள் கட்டத்தைக் காலியாக விடுகிறவர் யார்? எட்டுப் பத்துப் பெயராவது வரும்.

போன வியாழக்கிழமை ஒரு குடும்பத் தலைவர் கைத்தடியோடு வந்தார். பின்னால் ஒரு கிழவி, இறந்துபோன அசியமா என்ற ஆளின் தங்கை. நான் அப்போது டூஃபியின் கடையில்தான் இருந்தேன்.

“ஏம்மா, அந்த அசேடா எங்க இருக்கா? நம்பரக் குடு.”

“யாருங்க ஐயா?”

“அசியமாவோட மகதான்! பிள்ளையே இல்லன்னு சாதிச்சிட்டுப் போய்ச் சேந்தான், திருட்டுப்பய. நீ பேரு போட்டிருக்கியே! அப்பனுக்குச் சவப்பெட்டி கொண்டாரது பிள்ளைங்க கடமை. அவ வருவா வருவான்னு பெட்டி வாங்காம உக்காந்திருக்கோம். நாளன்னைக்கு அடக்கம்!”

கிழவி குறுக்கே வந்தாள். “அண்ணன் சாடை இருக்கா அவளுக்கு?”

டூஃபி பக்கத்தைத் திறந்தாள். பிள்ளைகள்: அசேடா. அவர்கள் அந்தக் கட்டத்தை நிரப்பவே இல்லை.

“அப்படி ஒரு பொண்ணு இல்லீங்க ஐயா.”

“பேரு இருக்கே?”

“பேரு மட்டுந்தான். நான் போட்டது.”

“செத்தவன் மானத்தோட விளையாடுறியா? எடு அத!”

கிழவி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “ஒருத்தி இருக்கான்னு நெனச்சிட்டேனே,” என்றாள்.

டூஃபி மூன்று எழுத்தையும் அழித்தாள். ‘பெயர்கள் இங்கே’ என்று அடித்தாள். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை.

அவர்கள் போனதும், அவள் காலையிலிருந்து பட்டினி என்று ஓடிப்போய்ச் சாப்பாடு வாங்கிவந்தேன். மூடியைத் திறந்த பிறகுதான் உறைத்தது, நிலக்கடலைக் குழம்பு.

அவள் அதையும் கடைசி வாய்வரை சாப்பிட்டாள்.